பென் ஸ்டில்லர் ஷோவா, டானா கார்வி ஷோவா?

இரண்டுமே அமெரிக்க ஸ்கெட்ச் காமெடித் தொடர்கள், அதாவது சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகளின் தொகுப்பு, இரண்டுமே ஒரு சீசனைக்கூட நிம்மதியாக முடிக்கவில்லை. ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் டானா கார்வியைச் சொல்வேன்.

1992-ல் ஃபாக்ஸ் சேனலில் வந்த பென் ஸ்டில்லர் ஷோ, சினிமாவையும் டிவியையும் பகடி செய்வது. ஒளிப்பதிவு, உடை எல்லாம் அசலை அப்படியே உரித்து வைத்திருக்கும். 13 எபிசோடு எடுத்தார்கள், ஃபாக்ஸ் 12-ஐத்தான் ஒளிபரப்பியது. நிறுத்திய பிறகு 1993-ல் எழுத்துக்கு எம்மி என்கிற அமெரிக்க டிவி விருது கிடைத்தது. ஆனால் எதைப் பகடி செய்கிறார்கள் என்று தெரியாவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

1996-ல் ஏபிசி சேனலில் வந்த டானா கார்வி ஷோவில் அந்தச் சிக்கல் குறைவு. சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலே குமட்டும் வெயிட்டர்களாக ஸ்டீவ் கரெலும் ஸ்டீபன் கோல்பேரும் அன்றைய ஸ்பெஷலைச் சொல்ல முயன்று, ஒவ்வொரு பெயருக்கும் குமட்டலை அடக்க முடியாமல் திணறுவார்கள் பாருங்கள், அதற்கு எந்த முன்கதையும் வேண்டாம். குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், முதல் எபிசோடிலேயே அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டன் நாய்க்குட்டிகளுக்குப் பாலூட்டுவதாகக் காட்டினார்கள், என்ன துணிச்சல்! 7 எபிசோடு ஒளிபரப்பானதோடு கதை முடிந்தது. அரசியல் ஸ்கெட்ச்கள் இன்று கொஞ்சம் பழசாகத் தெரியும், சரி, அவற்றைத் தாண்டிவிட்டு வெயிட்டர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.