லோயஸ் மண்ணில் சுரங்கம்: எந்தச் சோதனையை நம்புவது?

லோயஸ் மண்கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சளாக, காய்ந்து கெட்டியாக இருக்கும். கத்தியால் செதுக்கினால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். அதையே ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் ஓரமெல்லாம் குமிழி கிளம்பி, கொஞ்ச நேரத்தில் கரைந்து அடியில் சேறாக உட்கார்ந்துவிடும். காற்று அடித்துக் குவித்த தூசி அது. துகள்களுக்கு நடுவே நிறைய வெற்றிடம். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது கொஞ்சம் களியும் சுண்ணாம்பும்தான். ஈரம் பட்டால் அந்தப் பிடி விட்டுப்போகிறது.

சீனாவின் லோயஸ் பீடபூமியில் மக்கள் இந்த மண்ணைக் குடைந்து காலங்காலமாக வீடு கட்டி வாழ்கிறார்கள். 2010இல் ஓடத் தொடங்கிய செங்சோ–சியான் அதிவேக ரயில் பாதையும் இதே மண்ணுக்குள் பல சுரங்கங்களில் நுழைந்து போகிறது. இங்கே மண்ணைச் சோதிப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நனைந்தால் அது எவ்வளவு அமிழும் என்பது. இப்போது எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான்.

மாதிரி எடுப்பதிலேயே போட்டி தொடங்கிவிடுகிறது. துளையிட்டுக் குழாயை இறக்குவது வேகமானது, மலிவானது, ஆழமாகவும் போகும். ஆனால் குழாய் இறங்கும்போதே மண் நசுங்கி, வெற்றிடம் குறைந்துவிடும். ஆய்வகத்தில் அந்த மாதிரி கொஞ்சமாகத்தான் அமிழும், நாமும் ஏமாந்துபோவோம். தண்ணீர் விட்டுத் துளைத்தால் இன்னும் மோசம். கூடவே செய்யும் எஸ்.பி.டி. சோதனையில் (குழாய் மண்ணில் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவது) 63.5 கிலோ சுத்தியல் காய்ந்த லோயஸில் நல்ல எண்ணிக்கையைக் காட்டலாம். அந்த எண் வறண்ட நாளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

மாற்று வழி ஆய்வுக் கிணறு. ஆள் உள்ளே இறங்கி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைக் கட்டியாகச் செதுக்கி, மேல்பக்கம் எது என்று குறித்து, ஈரம் போகாமல் மெழுகு பூசி மேலே அனுப்புகிறார். மெதுவான வேலை, ஆபத்தும் உண்டு. ஆனாலும் என் ஓட்டு கிணற்றுக்குத்தான். கிணறு எட்டாத ஆழத்தில் தண்ணீர் விடாமல் துளையிட்டு, அகலமான மெல்லிய சுவர்க் குழாயால் எடுக்கலாம். அப்போதும் பக்கத்தில் ஒரு கிணறாவது வெட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, மாதிரி கிடைத்துவிட்டது. ஆய்வகத்தில் அழுத்தம் கொடுத்து நனைத்து, கூடுதலாக எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பார்கள். அதை முதலில் இருந்த உயரத்தால் வகுத்து வரும் எண் 0.015ஐத் தொட்டால், சீன விதிப்படி அது அமிழும் மண். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கட்டட அஸ்திவாரத்துக்குப் பழகியவர்கள் 200 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். 50 மீட்டர் ஆழத்தில் மேல்மண்ணின் எடை மட்டுமே 800 கிலோபாஸ்கலைத் தொடும். சுரங்கத்துக்கு அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே சோதிக்க வேண்டும்.

ஆய்வகத்துக்குப் போட்டியாக நிற்பது களத்தில் செய்யும் நனைப்புச் சோதனை. அமிழும் அடுக்கின் தடிமனுக்குக் குறையாத அகலத்தில் (எப்படியும் 10 மீட்டருக்குக் குறையாமல்) குழி வெட்டி, 30 செ.மீ. தண்ணீரை நிறுத்தி, தரை இறங்குவதை நாள்தோறும் அளப்பார்கள். நாளும் தண்ணீரும் நிறைய வேண்டும். ஆனால் அது சொல்வதை ஆய்வகம் சொல்லாது. தன் எடையாலேயே அமிழும் அளவைக் கணக்கிட, சீன விதியில் வட்டாரத்துக்கு வட்டாரம் திருத்தப் பெருக்கி இருக்கிறது: லோங்சிக்கு 1.5, சியான் இருக்கும் குவான்சோங்குக்கு 0.9. அதாவது ஒரு வட்டாரத்தில் ஆய்வகக் கணக்கு குறைத்துச் சொல்கிறது, இன்னொன்றில் கூட்டிச் சொல்கிறது. மெட்ரோ போல மேலாக ஓடும் சுரங்கத்துக்கு, அதுவும் மேலே குடிநீர்க் குழாயும் சாக்கடையும் இருந்தால், களச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

ஆழமான மலைச் சுரங்கத்துக்கு அது அவ்வளவு தேவையில்லை. மேலே இருக்கும் இளைய மாலான் லோயஸ்தான் அதிகம் அமிழும். கீழே உள்ள பழைய லிஷி லோயஸ் இறுகியது. அங்கே தோண்டிக்கொண்டிருக்கும் முகப்பில் தினமும் ஈரப்பதம் பார்ப்பதும், செங்குத்து வெடிப்புகளைக் குறித்துக்கொள்வதும், கூரை இறங்குவதை அளப்பதும் கூடுதல் பலன் தரும். சுரங்கத்தின் வாய்ப்பகுதியில் மட்டும் மேலே ஏறி நடந்து பார்க்க வேண்டும். வெடிப்பும் மண் உள்வாங்கிய குழியும் கண்ணில் பட்டால், மழை வருமுன் அவற்றை அடைத்து இறுக்கிவிட வேண்டும்.