வாடகை வீட்டு முற்றத்துக்கு ஏற்ற கருவி: கேரெட் (Garrett) நிறுவனத்தின் புரோ-பாயின்டர் ஏடி

வாடகை வீட்டுப் புல்தரையில் உலோகம் தேடுவோருக்குப் பெரிய மெட்டல் டிடெக்டரைவிட, உலோகம் இருக்கும் இடத்தைக் கிட்டத்தில் காட்டும் இந்தக் கைக்கருவிதான் முக்கியம். தோண்டிய குழியில் பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இதன் நுனி காட்டிவிடும். சிறு குழியே போதும், புல்லும் பிழைக்கும். 9 வோல்ட் பேட்டரி, 3 நிலை உணர்திறன், 6 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது.

உணர்திறனை உச்சத்தில் வைத்தால் இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் சும்மாவே அலறும். நுனியை மண்ணில் வைத்தபடி பொத்தானைச் சட்டென ஒருமுறை அழுத்துங்கள், அடங்கிவிடும். சுவரோரம் வேண்டாம், கான்கிரீட் கம்பியும் பழைய ஆணியும் ஓயவிடாது. இரும்பா வெள்ளியா என்று பிரித்துச் சொல்லாதது பெரிய குறை.

புல்லை மூன்று பக்கம் வெட்டி மடல்போல் திருப்பி, மண்ணைத் துணியில் கொட்டி, பிறகு அப்படியே மூடி மிதியுங்கள். வீட்டு உரிமையாளரிடம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைப்பது யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.