மை மட்டும் கரையாதிருந்தால்: 42 வெள்ளி வாழ்த்து அட்டைப் பெட்டி

ஆசிரியர் தினம் செப்டம்பர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வருகிறது என்பதைச் சிங்கப்பூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள், தன் தமிழாசிரியைக்குக் கடை அட்டையைக் கொடுக்கமாட்டேன், கையால் செய்ததைத்தான் கொடுப்பேன் என்று ஆகஸ்ட் நடுவிலேயே அறிவித்துவிட்டாள். அதனால், முத்திரை குத்தி நீர்வண்ணம் தீட்டிப் பூ அட்டை செய்வதற்கான பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். உள்ளூரில் ஒரு சிறு நிறுவனம் தொகுத்து விற்பது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணமும் சேர்த்து 42 வெள்ளி. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பொருள்களைத் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல ரசனை இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் கணக்குத் தவறிவிட்டது. ஆனால் அந்த ஓர் இடம்தான் இந்தக் கலைக்கு அடிப்படை என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பெட்டியினுள் ஒளி ஊடுருவும் முத்திரைகள் ஒன்பது, அவற்றை ஒட்டிப் பிடித்துக் குத்துவதற்கான அக்ரிலிக் கட்டை ஒன்று, கறுப்பு ஸ்டாம்ப் பேடு ஒன்று, பன்னிரண்டு நிறங்கள் கொண்ட நீர்வண்ணப் பெட்டி, காம்பில் நீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள்கள் ஆறு, நடுவில் மடித்த ஏ6 அட்டைகள் ஆறு, அவற்றுக்கான சி6 உறைகள் ஆறு ஆகியவை இருந்தன. ஏ6 என்பது 105க்கு 148 மில்லிமீட்டர், சி6 உறை 114க்கு 162. அதனால் தாளை ஒட்டியபின் அட்டை கொஞ்சம் தடித்தாலும் உறைக்குள் தாராளமாகப் போகிறது. நீர்வண்ணத் தாளையே அட்டையாக மடிக்கச் சொல்லாமல், தனியே வரைந்து பிறகு அட்டையின் முகப்பில் ஒட்டும்படி அமைத்திருப்பது அனுபவசாலி செய்த வேலை. ஒரு தாள் கெட்டுப்போனாலும் அட்டை தப்பித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இரண்டு கெட்டுப்போயின.

கெட்டுப்போனதற்குக் காரணம் மை. முதல் தாளில் மகள் பெரிய பூவை அழகாகவே குத்தினாள். புது முத்திரையில் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். அழிப்பானால் மெல்லத் தேய்த்து அந்த வழவழப்பைப் போக்கிவிட்டால் சரியாகிவிடும். அதைச் செய்துவிட்டுத்தான் குத்தினோம். கோடுகள் கூர்மையாக விழுந்தன. பத்து நிமிடம் காயவிட்டு, இளஞ்சிவப்பைத் தூரிகையில் எடுத்து முதல் இதழில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், கறுப்புக் கோடு கரைந்து இதழுக்குள் இறங்கியது. அதுவும் கறுப்பாக இறங்கவில்லை. ஓரத்தில் ஊதாவாகவும் அதற்கும் வெளியே மங்கிய பச்சையாகவும் பிரிந்துகொண்டு பரவியது. "அம்மா, பூவுக்கு அடிபட்ட மாதிரி இருக்கு," என்றாள். உண்மையிலேயே கன்றிப்போன காயத்தின் நிறம்தான் அது.

நிகழ்ந்தது இதுதான். முத்திரை மைகளில் சாயத்தால் ஆனவை உண்டு, நிறமித் துகளால் ஆனவை உண்டு. சாயம் நீரில் கரைந்திருப்பது. காய்ந்த பிறகும் நீர் பட்டால் பெரும்பாலும் மறுபடி கரையும். கறுப்புச் சாய மை பொதுவாக ஒரே நிறமாக இருப்பதில்லை, பல சாயங்களைக் கலந்து கறுப்பாக்கியிருப்பார்கள். ஈரத்தாளில் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் நகரும்போது கலவை பிரிந்துவிடும். நீர்வண்ணத்துக்குத் தேவைப்படுவது, காய்ந்த பின் நீரைக் கண்டுகொள்ளாத மை. ரேஞ்சர் நிறுவனத்தின் ஆர்க்கைவல், வெர்சாஃபைன் கிளேர் போன்ற மைகளைத்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் நாடுகிறார்கள். மெமென்டோ போன்ற சாய மைகள் ஆல்கஹால் மார்க்கரால் நிறம் தீட்டுபவர்களுக்கு உகந்தவை, ஏனெனில் அவை ஆல்கஹாலுக்கு அசைவதில்லை. பெட்டியைத் தொகுத்தவர் மார்க்கர் பெட்டி ஒன்றுக்கு வாங்கிய மையையே இதிலும் வைத்துவிட்டார் என்பது என் ஊகம். நல்ல முத்திரைக்குப் பணத்தைச் செலவழித்துவிட்டு மையில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அந்த மையை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாதா என்றால், முடியும். முத்திரையில் மை தடவி, முதலில் ஒரு கழிவுத்தாளில் ஒற்றிவிட்டு, மிஞ்சிய மையால் நீர்வண்ணத் தாளில் குத்தினால் வெளிறிய சாம்பல் கோடு கிடைக்கும். ஈரத் தூரிகை பட்டதும் அது கரைந்து இதழின் மடிப்பில் நிழலாகப் படிந்துவிடும். கோடே இல்லாமல் கையால் வரைந்தது போன்ற தோற்றம் வரும். மூன்றாம் தாளை இப்படித்தான் காப்பாற்றினோம். இதைப் பெட்டியிலுள்ள விளக்கத்தாளில் இரண்டு வரியாக எழுதியிருந்தால் குறையையே ஒரு நுட்பமாகக் காட்டியிருக்கலாம். விளக்கத்தாளிலோ "முத்திரை குத்தி, காயவிட்டு, நிறம் தீட்டவும்" என்பதோடு சரி. நீரைத் தாங்கும் கறுப்பு மை ஒன்றை, அடுத்த சனிக்கிழமை பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனபோது தனியாக வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு கோடு நின்றது நின்றபடி இருந்தது.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 300 கிராம் எடை போதுமானது; மெல்லிய தாளைப்போல் நீர் பட்டவுடன் சுருண்டு எழவில்லை. ஆனால் சொரசொரப்பான பரப்பு உடைய வகை. வண்ணத்துக்கு அந்தச் சொரசொரப்பு அழகு, முத்திரைக்கு அது இடைஞ்சல், பள்ளங்களில் மை இறங்காமல் கோடு விட்டுவிட்டு விழும். கட்டையை அசைக்காமல், உள்ளங்கையால் சீராக அழுத்தி ஐந்து எண்ணினால் ஓரளவு சரியாகிறது. வழவழப்பாக அழுத்திய நீர்வண்ணத் தாளைக் கொடுத்திருந்தால் சிறுவர் கைக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். காய்வதும் இங்கே ஒரு சோதனை. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில், குளிர்சாதனம் போடாத கூடத்தில், முதல் பூச்சு காய அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடி உலர்த்தியை அவசரப்பட்டுக் காட்டினால் தேங்கிய வண்ணம் காற்றில் ஓடி, விளிம்பில் பூக்கோசு வடிவத்தில் கறை விழும். ஈரப் பளபளப்பு அடங்கிய பிறகு காட்டினால் பாதகமில்லை. எல்லாம் முடிந்ததும் ஓவியத்தை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, அதன்மேல் ஐந்து கிலோ அரிசிப் பையை இரவு முழுவதும் ஏற்றிவைத்தோம், காலையில் தட்டையாகிவிட்டது.

வண்ணங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தன. வேல மரப் பிசினில் நிறமியைக் குழைத்துச் செய்யும் பழைய முறைதான் நீர்வண்ணம். மலிவானவற்றில் நிறமி குறைந்து நிரப்புப் பொருள் மிகுந்து, காய்ந்ததும் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். இவை அப்படியில்லை. பளீரென்ற இளஞ்சிவப்பு மட்டும் சந்தேகத்துக்குரியது. ஒளிரும் சாயம் சேர்த்த இளஞ்சிவப்புகள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் இயல்புடையவை, இதில் என்ன நிறமி என்று பெட்டியில் குறிப்பு எதுவும் இல்லை. மேசை இழுப்பறையில் இருக்கப்போகும் அட்டைக்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. நீர்த்தூரிகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: நுனி கூர்மை, காம்பைக் கொஞ்சம் அழுத்தினாலே குளம் கட்டும். நான்காம் எண் வட்டத் தூரிகை வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இனி முத்திரைகளில் உள்ள பூக்கள். பெரிய பூ பியோனி, அதன் மொட்டு ஒன்று, ஐந்திதழ்ச் சிறு பூ ஒன்று, யூகலிப்டஸ் கிளை ஒன்று, நரம்பு ஓடிய இலைகள் இரண்டு, மிச்சம் மூன்றும் ஆங்கில வாழ்த்துச் சொற்கள். செதுக்கல் நேர்த்தியில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பியோனி, குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூக்கும் செடி. இந்தத் தீவின் மண்ணில் அது பூக்காது. தேக்கா பக்கம் பஃபலோ ரோட்டில் தொங்கும் மாலைகளில் மல்லிகையையும் சாமந்தியையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது யாரோ வீட்டுப் பூ. 1981ஆம் ஆண்டு தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டையாவது சேர்த்திருக்கலாம் என்று தோன்றியது. மகளுக்கு வேறொன்று தோன்றிற்று. இரண்டு இலைகளில் சிறியதை ஒரே மையத்தை நோக்கி மூன்று முறை, சற்றே கோணம் மாற்றிக் குத்தினாள். பார்த்தால் காகிதப்பூ! எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள நடை மேம்பாலத்தின் இருபுறமும் வழிந்து கிடக்கும் அதே பூ. நாம் இதழ் என்று நினைக்கும் அந்த நிறப் பகுதிகள் உண்மையில் பூவைச் சூழ்ந்த மூன்று இலைகள்தாம். நடுவில் வெள்ளையாகத் தலைகாட்டும் சிறு குழல்களே அசல் பூக்கள். ஆகவே இலை முத்திரையால் அதைச் செய்தது தாவரவியல்படியும் சரிதான். அதன் நரம்புக் கோடுகள்கூடக் காகிதப்பூவின் நரம்புகளைப் போலவே அமைந்துவிட்டன. இளஞ்சிவப்போடு ஊதாவைத் தொட்டுக் கலந்து, அடியில் அடர்த்தியாகவும் நுனியில் நீர்த்ததாகவும் தீட்டி, நடுவில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டோம். ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களில், ஏற்கெனவே குத்திய பூவை, அதே முத்திரையை ஒட்டுத்தாளில் குத்தி வெட்டிய மறைப்பால் மூடிக்கொண்டு அடுத்ததைக் குத்தினோம். பெட்டியில் பிரமாதமாக இருந்தது இந்தச் சிறிய இலைதான். அட்டைப்படத்தில் விளம்பரப்படுத்தப்பட்டிருந்த பியோனி அன்று.

தமிழாசிரியைக்குக் கொடுக்கும் அட்டையில் ஆங்கில வாழ்த்து முத்திரை குத்துவது முறையாகாது என்பதால், "நன்றி" என்ற சொல்லை அழிப்பானில் நாமே செதுக்குவது என்று முடிவாயிற்று. மகள் நேரடியாக அழிப்பான்மேல் எழுதிக் கொடுத்தாள், நானும் யோசிக்காமல் செதுக்கினேன். குத்திப் பார்த்தால் இடவலம் மாறிய எழுத்துகள். இரண்டாவது முறை, மெல்லிய தாளில் பென்சிலால் எழுதி, அதை அழிப்பான்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தோம். எழுத்து தானாக இடவலம் மாறிப் பதிந்துவிட்டது. செதுக்குவதும் சரியாக முடிந்தது, கடைசிக் கீறல் வரை. எழுத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் னகரத்தின் புள்ளி கத்தி பட்டுப் பறந்துவிட்டது. "நனறி" என்று தமிழாசிரியைக்கு யார் கொடுப்பது? பென்சிலின் பின்முனையை ஸ்டாம்ப் பேடில் தொட்டுப் புள்ளியைத் தனியாக வைத்தோம்; அது மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே அமைந்தது.

இந்தப் பெட்டியை வாங்க நினைப்பவர்கள், நீரைத் தாங்கும் மை ஒன்றுக்கும் சேர்த்து வரவுசெலவு போட்டுக்கொள்வது நல்லது. அது ஏற்கெனவே கைவசம் உள்ளவர்களுக்கு 42 வெள்ளி நியாயமான விலைதான். முத்திரைகளை நீரில் கழுவி, வந்த தாளிலேயே திரும்ப ஒட்டி வைத்தால் நெடுநாள் வரும். விற்பவருக்கு மையைப் பற்றி எழுதினேன். இரண்டு நாளில் பணிவான பதில் வந்தது: அடுத்த தொகுப்பில் மையை மாற்ற யோசிக்கிறார்களாம். மாற்றிவிட்டால் என் அண்ணன் மகளுக்கு ஒன்று வாங்குவதாக இருக்கிறேன். அதுவரை, முத்திரைகளை மட்டும் தனியாக 16 வெள்ளிக்கு விற்கிறார்கள். வீட்டில் வண்ணமும் தாளும் வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும்.