சுங்கை சிப்புட்டில் பச்சைப்பிள்ளைக்குக் காது டெஸ்ட்: டெஸ்ட் நல்லது, இடம் சுமார்

எங்கள் மகளுக்குப் பிறந்த கையோடு மஞ்சள் காமாலை ஏறி, அது இறங்க விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். மஞ்சள் ரொம்ப அதிகமானால் காது நரம்பைப் பாதிக்கலாம், எதற்கும் பார்த்துவிடுங்கள் என்று கிளினிக் தாதி சொன்னதால் டவுனில் கடைவீட்டு மாடியில் இருக்கும் காது பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். மாமியாருக்கு நம்பிக்கையே இல்லை. தட்டைத் தட்டினால் திடுக்கிடுகிறாளே, அப்புறம் என்ன டெஸ்ட் என்றார். ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளையும் அப்படித்தான் திடுக்கிடும் பாட்டி என்று அங்கே டெஸ்ட் எடுக்கும் தங்கச்சி அவரிடமே பொறுமையாக விளக்கியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதலில் ஓஏஇ (OAE) என்ற டெஸ்ட். காதில் சின்ன ரப்பர் முனையை வைத்து டிக் டிக்கென்று சத்தம் அனுப்புகிறார்கள். உள்காதின் மயிரணுக்கள் நன்றாக இருந்தால் அவையும் பதிலுக்கு மெல்லிய ஒலி எழுப்பும், அதை முனையிலுள்ள மைக் பிடித்துவிடும். பிள்ளை தூங்கினால் போதும். இடது காது முதலில் தேறவில்லை, என் வயிறு கலங்கிவிட்டது. பிறந்த பிள்ளையின் காதில் பிசுக்கோ நீரோ தங்கினாலும் இப்படி ஆகும் என்று சொல்லி இன்னொரு நாள் வரச் சொன்னார், அதற்குத் தனிக் காசு இல்லை. மறுமுறை தேறிவிட்டது.

ஓஏஇ உள்காதோடு நின்றுவிடும், நரம்பைப் பார்க்காது. அதனால் நாங்கள் கேட்காமலேயே ஏஏபிஆர் (AABR) என்ற இரண்டாவது டெஸ்டும் எடுத்தார்: நெற்றியிலும் பிடரியிலும் ஒட்டுகளை ஒட்டி, மெல்லிய சத்தம் கொடுத்து, நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை பதில் போகிறதா என்று பார்ப்பது. மஞ்சள் கண்ட பிள்ளைக்கு இதுதான் முக்கியம். ஓஏஇயோடு அனுப்பிவிடும் இடத்துக்கு நான் போகமாட்டேன்.

குறை என்றால் படி செங்குத்து, பால் கொடுக்க மறைவான இடம் இல்லை. கீழே சாப்பாட்டுக் கடையில் பாட்டு அலறுகிறது, தூங்க வைத்த பிள்ளை விழித்துக்கொண்டால் எல்லாம் முதலிலிருந்து. காது டெஸ்ட் எடுக்கும் இடத்துக்கு இது நியாயமா?

பிறந்து ஒரு மாதத்துக்குள் டெஸ்ட், தேறாவிட்டால் 3 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை, குறை உறுதியானால் 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது கணக்கு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். காலையில் போங்கள், கடையில் பாட்டு போடுவதற்கு முன்பு. மஞ்சள் அளவு எழுதிய புத்தகத்தையும் எடுத்துப்போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.