டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சூடேறினால் எதை நம்புவது: ப்ளக்கையா, பிஸ்டனையா?

பினாங்கில் யமாஹா ஆர்எக்ஸ்ஸெட், 125ஸெட் போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களைக் கைவிட மனமில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி இழுவை குறைந்தாலோ, ஓடும்போதே ஜாம் ஆகி நின்றாலோ, பட்டறையில் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒரு கட்சி ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றிவிடும். மற்றது பிளாக்கை, அதாவது சிலிண்டரை, தூக்கிப் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்க்கும்வரை எதையும் முடிவு செய்யாது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றாலும், ப்ளக்கும் பிஸ்டனும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. அந்த இரண்டாலுமே பிரித்துக் காட்ட முடியாத ஒரு காரணமும் இருக்கிறது: காற்றுக் கசிவு. பிளாக்கைத் தூக்கிய பிறகு அதைத் தேடினால் தடயத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும்.

ப்ளக்கின் பலம் அதன் எளிமை. ஒரே ஒரு ஸ்பேனரில் கழன்று வரும், செலவு எதுவும் இல்லை. அதன் வெள்ளைப் பீங்கான் மங்கிய காப்பிப் பழுப்பாக இருந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை ஏறத்தாழச் சரி என்றும், வெளிறிப் பளிச்சென்றிருந்தால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடாக ஓடுகிறது என்றும், ஈரமும் கருமையுமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி என்றும் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இந்த நிறம் எஞ்சின் கடைசியாக எப்படி ஓடியது என்பதற்கு மட்டுமே சாட்சி. பட்டறை வரை மெதுவாக ஓட்டி வந்து, வாசலில் சிறிது நேரம் ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் கழற்றிய ப்ளக், முழு வேகத்தில் நடந்த கோளாறைப் பற்றி ஏதும் சொல்லாது. அதற்கு முழுத் த்ராட்டிலில் ஓடும்போதே இக்னிஷனை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து, உருண்டு போய் ஓரத்தில் நின்று அங்கேயே கழற்ற வேண்டும். இந்தச் சோதனையைப் பினாங்குப் பாலத்தின் மோட்டார் தடத்தில் செய்து பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

ப்ளக்கின் வெப்ப எண்ணும் கணக்கைக் குழப்பும். என்ஜிகே ப்ளக்குகளில் எண் கூடக் கூட ப்ளக் குளிர்ந்த வகை. 7க்குப் பதில் 9 போட்டிருந்தால், கலவை சரியாக இருந்தாலும் அது கருத்தே இருக்கும். அந்தக் கருமையைப் பார்த்து ஜெட்டைச் சிறிதாக்கியவர், சூடாக இல்லாத எஞ்சினைத் தம் கையாலேயே சூடாக்கிவிடுகிறார். எனினும் ஒரு விஷயத்தில் ப்ளக்கை மிஞ்ச எதுவும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது பீங்கானில் மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால், உள்ளே நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) நடக்கிறது, பிஸ்டன் அரிக்கப்படத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். அந்த மோட்டாரை அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

பிஸ்டனில் படிக்க வேண்டியவை அதிகம், படிப்பதற்கு நேரமும் அதிகம். முதலில் தலைப்பகுதி. சிலிண்டர் சுவரில் கலவை நுழையும் துளைகளான டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளின் வழியாகச் சீறி வரும் புதிய கலவை, பிஸ்டன் தலையில் தான் படும் இடங்களைக் கழுவிவிடும். அங்கே கரி படியாது. கழுவப்பட்ட அந்தத் திட்டுகள் மிகப் பெரிதாக இருந்தால் பெட்ரோல் மிகுதி; விளிம்புவரை ஒரே சீராக உலர்ந்த கரி மூடியிருந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. இதுவும் பல வாரங்களாகச் சேர்ந்த பதிவு என்பதை மறந்துவிடக்கூடாது. போன வாரம்தான் எக்ஸாஸ்ட் சேம்பரையும் (புகைக்குழாயையும்) ஜெட்டையும் மாற்றியிருந்தால், தலையில் உள்ள கரி பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். பிஸ்டனைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்ப்பது நல்லது. அங்கே எண்ணெய் கருகிக் காய்ந்து கட்டியிருந்தால் தலை தாங்கக்கூடிய அளவைத் தாண்டிச் சூடேறியிருக்கிறது.

சேதத்தின் உருவமும் முக்கியம். எக்ஸாஸ்ட் பக்க விளிம்பு மணலடித்ததுபோல் பொடிப்பொடியாக அரித்திருந்தால் அது நாக்கிங்; ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷனை ஏற்றிவிட்டு ரான்95 பெட்ரோலையே ஊற்றுபவர்களுக்கும், இக்னிஷன் டைமிங்கை அளவுக்கு மேல் முன்னே தள்ளியவர்களுக்கும் இது வரக்கூடியது. நடுத்தலை வழுவழுப்பாக உருகிக் குழிந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வெப்ப எண் குறைந்த ப்ளக்கோ, கனன்றுகொண்டே இருக்கும் கரிக்கட்டியோ காரணமாகலாம்.

பிஸ்டனின் பக்கச்சுவர்தான், என் பார்வையில், எல்லாவற்றிலும் நம்பத்தக்க சாட்சி. கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால், அந்தப் பக்கம் எண்ணெய்ப்படலம் எரிந்துபோகும் அளவுக்குச் சூடு ஏறியிருக்கிறது. பெட்ரோல் குறைந்த கலவையே முதல் சந்தேகத்துக்குரியது. சுற்றிலும் கீறியிருந்தால் எண்ணெயே வரவில்லை. எண்ணெய்ப் பம்பின் குழாயில் காற்று புகுந்ததா, தொட்டியில் டூட்டி (2T, டூ ஸ்ட்ரோக்) எண்ணெய் தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் பின் (pin) செல்லும் துளைகளின் இருபுறமும் நான்கு மூலைகளில் மட்டும் கீறல் இருந்தால், பிளாக் சூடாவதற்கு முன்பே பிஸ்டன் விரிந்துவிட்டது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே முறுக்குபவர்களுக்கும், போரிங் கடையில் இடைவெளியை இறுக்கமாக விட்டுவிட்ட பிளாக்குகளுக்கும் இந்த நான்கு மூலைக் கீறல் வரும். இன்டேக் பக்கம் பளபளப்பு போய் மங்கலாகத் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டர் வழியே தூசி உள்ளே போகிறது; அங்கே சூட்டைத் தேடிப் பயனில்லை.

ரிங்குகளுக்குக் கீழே பழுப்புக் கறை இறங்கியிருப்பதையும் பலர் வெறும் அழுக்கென்று துடைத்துவிடுகிறார்கள். பிஸ்டனின் சூட்டில் பெரும்பங்கு ரிங்குகள் வழியாகவே சிலிண்டர் சுவருக்குப் போகிறது. கரி கட்டி ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த வழி அடைபடுவதோடு, எரியும் வாயுவும் பக்கச்சுவரில் கசிந்து எண்ணெயைக் கருக்கும். விரலால் அழுத்தி விட்டால் ரிங் துள்ளி எழ வேண்டும். எழவில்லை என்றால் சூட்டுக்கான காரணத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. இந்த இடத்தில் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் ஓர் அறிவுரை, ‘எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுங்கள்’ என்பது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் எஞ்சினில் எண்ணெய் கூடினால், அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். கலவை இன்னும் வறண்டு, கரியும் கூடும்.

எந்த நேரத்தில் ஜாம் ஆனது என்பதையும் கீறலோடு சேர்த்துக் கேட்க வேண்டும். 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலத்தில் ஒரே சீராக அரைத் த்ராட்டிலில் ஓடி நின்றதென்றால் கார்புரேட்டரின் நீடிலை (ஊசியை) பார்க்க வேண்டும். முழுத் த்ராட்டிலில் நின்றதென்றால் மெயின் ஜெட். பாலிக் பூலாவ் பக்கம் ஜாலான் துன் சார்டோன் இறக்கத்தில், த்ராட்டிலை மூடி எஞ்சின் பிரேக்கிலேயே இறங்கும்போது நின்றிருந்தால், சுழற்சி அதிகம், உள்ளே வரும் எண்ணெயோ மிகக் குறைவு என்பதே காரணமாக இருக்கக்கூடும். இதற்கு ஜெட் மாற்றுவதில் பயனில்லை. இறக்கத்தில் அவ்வப்போது த்ராட்டிலைச் சற்றுத் திறந்துவிட்டால் போதும்.

ப்ளக்காலும் பிஸ்டனாலும் பிரித்துக் காட்ட முடியாதது காற்றுக் கசிவு. ஜெட் சிறிதாக இருந்தாலும், மேக்னெட் பக்கத்துக் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம்) கிழிந்து வெளிக்காற்றை உறிஞ்சினாலும், ப்ளக் ஒரே மாதிரி வெளிறும், பிஸ்டனில் ஒரே எக்ஸாஸ்ட் பக்கக் கீறல்தான் விழும். த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் உடனே இறங்காமல் உறுமிக்கொண்டிருப்பது கசிவுக்கு ஒரு குறி. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கதை வேறு: கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை வரும், ப்ளக் எண்ணெயில் நனையும், கியர்பாக்ஸில் அளவு குறையும். உறுதி செய்ய, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, ப்ளக் துளை வழியே சுமார் 6 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, சில நிமிடங்கள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழியைத் தேட வேண்டும். பிளாக்கைத் தூக்கிவிட்டால் அதன் அடியிலுள்ள பேஸ் கேஸ்கெட் கசிந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இதனால்தான் பிஸ்டன் கட்சிக்காரர்களோடு நான் ஒத்துப்போகாத ஒரே இடம், அவர்கள் பிரிக்கும் வேகம்.

என் வரிசையில் ப்ளக் முதலில், அதன்பின் எக்ஸாஸ்டை மட்டும் கழற்றி, போர்ட் வழியே டார்ச் அடித்து அந்தப் பக்கச் சுவரைப் பார்ப்பது. கீறல் தெரிந்தால் கசிவுச் சோதனை; பிளாக் அதற்குப் பிறகுதான் மேலே வர வேண்டும். வந்த பிஸ்டனைப் பெட்ரோலில் கழுவாமல் படம் எடுத்துக்கொள்வதும், சிலிண்டரில் ஒட்டியது பிஸ்டனின் அலுமினியம் மட்டுமா, சிலிண்டரின் உலோகமே கீறப்பட்டுள்ளதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பதும் அடுத்த வேலை. நகத்தில் கோடு தட்டினால் 0.25 மில்லிமீட்டர் ஏற்றி அடுத்த அளவுக்குப் போரிங் செய்தாக வேண்டும். தட்டாவிட்டால் ஒட்டியதை நீக்கி, பிளாக்கை அளந்து, அதே அளவில் புதுப் பிஸ்டனைப் போடலாம்.