கல்யாண மண்டபத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட குழு: என் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசு வீண்போகவில்லை.

என் தங்கை கல்யாணத்துக்குக் குழந்தைகள் வேண்டாம் என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அப்புறம் எப்படி வருவார்கள்? சித்தி சித்தி என்று உருகுகிற என் மகளை எங்கே விடுவது? அதனால்தான் மண்டபத்திலேயே ஒரு பராமரிப்புக் குழுவை அமர்த்தினோம்.

முன்கூட்டியே படிவம் அனுப்பினார்கள். வயது, ஒவ்வாமையோடு நிற்காமல், தூக்கம் வந்தால் என்ன செய்வாள், பாத்ரூம் வந்தால் எப்படிச் சொல்வாள் என்றுகூடக் கேட்டிருந்தார்கள். யார் கொண்டுவந்து விட்டார்களோ அவர்களிடம் மட்டும்தான் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து ஒரு குழந்தையைக் கேட்டபோதுகூட, அதன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், எனக்கு நிம்மதி.

அறைக்குள் நுழைந்ததுமே அலங்காரத்துக்கு வைத்திருந்த குட்டி விளக்குகளை எடுக்கச் சொன்னார்கள். உள்ளே பட்டன் பேட்டரி. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வெடித்த பலூன் துண்டுகளையும் விடாமல் பொறுக்கினார்கள், தொண்டையை அடைத்துவிடும் என்று. இதெல்லாம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

ஆனால் என் மனசு நிறைந்தது வேறு விஷயத்தில். குழந்தைகளை அறைக்குள்ளேயே அடைத்து வைக்கவில்லை. முக்கியமான நேரத்தில் எல்லாரையும் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஒரு பொடிசு அழ ஆரம்பித்ததும், ஓரமாகத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார் அங்கிருந்த பெண். மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. என் மகள் சித்தியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தானே அவ்வளவு வாதாடினேன்!

குறைகளும் உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. பாவம், சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசை தொடங்கியதும் அந்த அறைக்குள்ளேயே சத்தம் தாங்கவில்லை. 100 டெசிபல் அளவுக்குச் சத்தம் என்றால் வேலையிடத்தில் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் வரம்பு என்கிறது ஓர் அமெரிக்க அளவுகோல். அப்படியிருக்க, இவர்கள் கொண்டுவந்த காதுமூடிகள் பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை.

இன்னொன்று, விருந்து முடிவதற்கு முன்பே இவர்கள் நேரம் முடிந்துவிட்டது. தூங்கிப்போன குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பலர் சாப்பிட்டார்கள். நீங்கள் அமர்த்துவதாக இருந்தால், கடைசி விருந்தினர் கிளம்பும்வரை இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.