துங்கநாத் பாதையில் ஐந்தரை ஆண்டுகள்: கேமராவும் காலணியும் பட்ட பாடு

உத்தரகண்ட் மாநிலத்துச் சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயில் வழியாகச் சந்திரசிலா உச்சிக்கு ஏறும் பாதையில், 2019 ஏப்ரலுக்கும் 2024 அக்டோபருக்கும் இடையே நான்கு முறை, ஏறக்குறைய அதே சாமான்களைச் சுமந்து சென்று வந்திருக்கிறேன். 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா ஒன்று, அகலக் கோண லென்ஸ் ஒன்று, தொலைவில் இருப்பதை அருகே காட்டும் 70–300 மி.மீ. டெலி லென்ஸ் ஒன்று, கார்பன் முக்காலி, கணுக்காலை மூடும் மலையேற்றக் காலணி ஆகியவையே அவை. நேர்ந்த சேதங்களில் பெரும்பகுதி என் பராமரிப்புக் குறையால் வந்தது என்பதால் நிறுவனப் பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை.

கடைசியாகச் சென்ற அக்டோபர் மாதப் பயணத்தின் ஒரு நாளை வைத்தே சொல்கிறேன். சோப்தா சுமார் 2,680 மீட்டர் உயரத்திலும், பஞ்ச கேதாரம் எனப்படும் ஐந்து சிவத்தலங்களுள் மிக உயரத்தில் அமைந்த துங்கநாத் சுமார் 3,680 மீட்டரிலும், சந்திரசிலா ஏறக்குறைய 4,000 மீட்டரிலும் இருக்கின்றன. கோயில் வரை கல் பாவிய நல்ல பாதைதான்; அதற்கு மேல் உள்ள ஒன்றரை கிலோமீட்டர்தான் மூச்சை வாங்கும். சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்க வேண்டுமானால் அதிகாலை மூன்று மணிக்கே புறப்பட வேண்டும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் ஏறும்போது முதுகில் இருக்கும் ஒவ்வொரு நூறு கிராமும் தன் இருப்பை உணர்த்திக்கொண்டே வரும்.

உச்சியில் நிற்கும்போது நந்தாதேவி கிழக்கே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் சூரியன் ஏறத்தாழ அதே திசையில் எழுவதால், 7,816 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் கறுத்த விளிம்பாக மட்டுமே தெரியும். முதல் பயணத்தில் அதைப் படமெடுக்க முயன்றே நல்ல வெளிச்சம் முழுவதையும் வீணடித்தேன். வடக்கே இருக்கும் சௌகம்பா சிகரத்தின் மீது வெயில் வலப்புறத்திலிருந்து பக்கவாட்டில் விழுவதால், அதன் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கிறது; அந்த நிறம் சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. டெலி லென்ஸ் தன் எடைக்கு உரிய பலனைத் தருவது இங்கேதான். எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கலாம் என்று நம்பி வாங்கிய அகலக் கோண லென்ஸ், ஏழாயிரம் மீட்டர் மலைகளை அடிவானத்தில் வைத்த பல் வரிசை போலச் சுருக்கிவிடுகிறது. நான்கு பயணங்களிலிருந்தும் அச்சிட்டுச் சுவரில் மாட்டிய பதினொரு படங்களில் எட்டு, டெலி லென்ஸில் எடுத்தவை.

லென்ஸின் முன் மாட்டி வானத்தின் நீலத்தைக் கூட்டும் போலரைசர் வடிகட்டியை நான் வாங்கியிருக்கவே வேண்டாம். அந்த உயரத்தில் வானம் தானாகவே ஆழ்ந்த நீலமாக இருக்கும். அகலக் கோணத்தில் வடிகட்டியையும் மாட்டினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரிகிறது.

குளிரில் பேட்டரியின் திறன் குறைவது எல்லோரும் அறிந்ததே. ஆனால் தீர்ந்துவிட்டதாகக் காட்டிய பேட்டரியை உள்சட்டைப் பையில் அரைமணி நேரம் வைத்திருந்து மீண்டும் போட்டால் இன்னும் சில படங்கள் எடுக்கலாம் என்பதை அறிய எனக்கு இரண்டு பயணங்கள் ஆயின. 2022 பிப்ரவரியில் பாதை முழுவதும் பனி மூடியிருந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுவதால், வெண்பனியைச் சாம்பலாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி) கூட்டிய பிறகே பனி பனியாகத் தெரிந்தது.

முக்காலியைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முதுகுப்பையின் பக்கவாட்டில் தொங்கியபடி நான்கு முறை உச்சிக்கு வந்த அது, விண்மீன்களைப் படமெடுத்த இரண்டு இரவுகளில் மட்டுமே விரிந்தது. அதிர்வுக் கட்டுப்பாடு உள்ள லென்ஸை ஒரு பாறையின் மேல் ஊன்றிக்கொண்டாலே விடியற்கால வெளிச்சத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிப்ரவரிப் பயணத்தில் முக்காலியின் தோல்வார் என்னைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

துங்கநாத்திலிருந்து இறங்கும் வழியில் வலது காலணியின் அடிப்பாகம் முழுவதுமாகப் பிரிந்து வந்துவிட்டது. அந்தத் தோல்வாரால் காலணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வழிகாட்டியின் தோளைப் பிடித்தபடி சோப்தா வந்து சேர்ந்தேன். மலையின் கல்லும் பனியும்தான் காரணம் என்று முதலில் எண்ணினேன். உண்மையில் அந்தக் காலணி அதுவரை ஏறியது ஒரே மலை. பெருந்தொற்றுக் காலத்தையும் சேர்த்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சென்னையில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள என் வீட்டு அலமாரியில், அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. காலணியின் நடுப்பகுதியில் உள்ள பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும். பார்வைக்குப் புதிது போலவே இருந்து, எடை விழுந்ததும் பிட்டாக உதிரும். அணியாமல் பூட்டி வைத்த காலணி அணிந்து தேய்ந்த காலணியைவிட விரைவில் கெடலாம் என்பதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொன்னதில்லை.

ஊர் திரும்பியதும், அதே ஈரம் லென்ஸ்களையும் கெடுத்திருக்குமோ என்ற ஐயம் எழுந்து, லென்ஸ்களை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். டெலி லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. பழுதுநீக்குபவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடியின் மேற்பூச்சில் மட்டும் மெல்லிய தடம் ஒன்று நிலைத்துவிட்டது. சூரியனுக்கு நேராகப் பிடித்தால் படத்தின் கறுமை சற்று வெளிறுகிறது. நந்தாதேவியை விட்டுச் சௌகம்பாவின் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையிலும் ஈரம் ஒரு வழியில் உள்ளே புகும். உறைந்த கேமராவோடு அடுப்பு எரியும் தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் கண்ணாடியெங்கும் நீர்த்துளி பூத்துவிடும். வெளியே இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடிவிட்டால், நீர் பையின் மேல் படிகிறதே தவிர உள்ளே போவதில்லை. அந்தக் கடைசி நாளில், கோயிலுக்குக் கீழே உள்ள கடையில் மேகி தின்று முடிக்கும்வரை கேமரா அப்படித்தான் இருந்தது. அதற்குள் வாசலுக்கு எதிரே இருந்த புல்சரிவில் ஓர் ஆண் மோனால் பறவை நீலமும் செம்பும் மின்ன நடந்துபோனது. பையைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இப்போது லென்ஸ்களும் கேமராவும் ஈரப்பதத்தை நாற்பது சதவீதத்துக்கும் ஐம்பது சதவீதத்துக்கும் இடையே வைத்திருக்கும் உலர்பெட்டியில் இருக்கின்றன. பழையதற்குப் பதிலாக வாங்கிய புதிய காலணியை வாரம் ஒருமுறை கடற்கரை நடைக்கு அணிந்துகொள்கிறேன். அடுத்த முறை முக்காலியும் அகலக் கோண லென்ஸும் வீட்டிலேயே இருக்கும். முக்காலியின் தோல்வாரை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்வேன்.